அக்கரைச் சாட்சிகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. உந்துவப் பௌர்ணமி விடுமுறை. காலை ஏழு மணி கடந்த சில நிமிடங்களில் இலங்கைத் தீவின் நிலம் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருக்கும் நிலநடுக்கப் பதிவு நிலையம் அதை எழுதி வைத்தது: மேலும் கீழுமாக 9 சென்டிமீட்டருக்கும் அதிகமான அசைவு. பல்லேகலை மட்டுமா அசைந்திருக்கும்? அந்த அலை தீவு முழுவதையும் கடந்து போனது. பதுளையின் தேயிலை மலைகளும், மொனராகலையின் இறப்பர் தோட்டங்களும், அங்கே லயங்களில் விடுமுறைக் காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களின் காலடியும் அதோடு எழுந்து இறங்கியிருக்கும். பெரும்பாலானோருக்கு எதுவுமே தெரியவில்லை.

இன்னொரு நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாய பக்கங்களில் நிலம் அதிர்ந்தது. 3 என்ற அளவை ஒட்டிய சிறு நடுக்கங்கள்தான். உலகக் கணக்கில் அன்றாடம் எங்கேயோ நடந்துகொண்டிருப்பவை. ஆனால் மக்கள் திடுக்கிட்டார்கள். ஊவா முழுக்க அன்று அதுவே பேச்சு. தூரத்தில் இருந்தவர்கள் உறவினருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார்கள். அந்தச் சிறு நடுக்கத்தை உடம்பு உணர்ந்தது. கருவிகள் தோன்றிய காலம் முதல் பதிவான மிகப் பெரிய நிலநடுக்கங்களில் ஒன்று அதே மண்ணைத் தூக்கி இறக்கிய போது உடம்பு ஒன்றும் சொல்லவில்லை.

இதில் மர்மம் இல்லை. தோட்டத்தில் அடுத்த டிவிஷனில் காமன் கூத்துக்குத் தப்படிக்கிறார்கள் என்றால் நமக்குக் கேட்பது அடித்தொனி மட்டும். குச்சியின் கூர்மையான ஓசை இடையிலுள்ள மலையிலும் மரத்திலும் தேய்ந்துவிடும். நில அலைகளும் அப்படித்தான். சுமாத்திராவுக்கு அப்பாலிருந்து 1,700 கிலோமீட்டர் பயணம் செய்து வரும்போது, சுவரை உலுக்கி ஓட்டைக் கலைக்கும் வேகமான அதிர்வுகள் வழியிலேயே வலுவிழந்துவிடுகின்றன. மீதி வந்து சேர்வது பல விநாடிகளுக்கு ஒரு முறை எழுந்து விழும் நீண்ட அசைவு. ஓர் ஆள் நிதானமாக மூச்சை இழுத்து விடுவதைவிட மெதுவான அந்த அசைவை மனிதக் கால் அறியாது. நாம் உணர்வது அசைவின் அளவை அல்ல, அதன் திடீர்த்தன்மையை. எனக்கு இந்தச் செய்தி விஞ்ஞானக் குறிப்பாக மட்டும் தோன்றவில்லை. எது பெரிது, எது சிறிது என்று நம் உடம்பு தரும் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது.

அன்று நடந்தது என்ன? இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சரிந்து போய்க்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசும் தளம் வழுக்கிப் போகாமல் பல நூற்றாண்டுகள் பூட்டிக்கிடந்தது. அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கும் 6.59க்கும் இடையில், சிமெலு தீவுக்கு அருகே அந்தப் பூட்டு விட்டது. அப்போது நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு அரை மணி முன்னால் ஓடியது. 2006 ஏப்ரலில்தான் இரண்டும் ஒன்றாயின. அன்றைய நேரக் குறிப்புகளைப் படிக்கிறவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பூட்டு விட்ட இடத்திலிருந்து பிளவு வடக்கு நோக்கி ஓடத் தொடங்கியது. விநாடிக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகம். நிக்கோபார் கடந்து அந்தமான் வரை, ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். முடிய எட்டு முதல் பத்து நிமிடம் ஆனது. நாம் செய்திகளில் கேட்கும் சாதாரண நிலநடுக்கங்கள் பிளந்து முடிக்கச் சில விநாடிகள் போதும்.

இந்த வரிகளை உறுதியோடு எழுத முடிகிறது. ஆனால் அந்தப் பிளவு வழுக்கியதை யாரும் பார்க்கவில்லை. அது கடலுக்கும் அடியில், கடற்தரைக்கும் கீழே கிடக்கிறது. எங்கே எத்தனை மீட்டர் வழுக்கியது, எங்கே மெதுவாக, எங்கே வேகமாக என்பதெல்லாம் தூரத்தில் விழுந்த சுவடுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தவை. முறை கேட்க எளிது. பிளவுத்தளத்தைப் பல துண்டுகளாக வரைந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டர் வழுக்கினால் பல்லேகலைக் கருவியில் என்ன கோடு விழும், சென்னைத் துறைமுகத்தில் கடல் எவ்வளவு எழும், கொழும்பில் எப்போது எழும் என்று தனித்தனியே கணக்கிடுகிறார்கள். பிறகு எந்தத் துண்டை எத்தனை மடங்கு வழுக்க வைத்தால் மெய்யான பதிவுகள் எல்லாம் சேர்ந்து கிடைக்கும் என்று தேடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரே பதிவுக்குப் பொருந்தும் விடைகள் பல. வேகத்தைக் கூட்டி வழுக்கலைக் குறைத்தாலும் அதே கோடு வரலாம். ஒரு சாட்சியை மட்டும் வைத்துக்கொண்டால் பொய் சொல்லாமலே தவறான படத்தை வரைந்துவிடலாம்.

அன்று முதலில் பேசியவை வேகமான சாட்சிகள். முதல் நில அலை நான்கு நிமிடத்துக்குள் பல்லேகலையைத் தொட்டிருக்கும். ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் நடுக்கம் தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில் தன் முதல் அறிவிப்பை வெளியிட்டது. அளவு 8.0 என்றது. நடுக்கத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்த இரண்டாவது அறிவிப்பு 8.5 என்றது. பிறகு வந்த கணிப்புகள் 9.0 என்றன. அடுத்த ஆண்டில் நிலநடுக்க ஆய்வாளர்கள் சேத் ஸ்டைனும் எமில் ஓக்கலும் 9.3 என்றார்கள். 8.0க்கும் 9.3க்கும் உள்ள தூரம் எண்ணில் சிறிதாகத் தெரியும். நிலநடுக்கத்தின் மொத்த அளவைக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ 90 மடங்கு.

இதைச் சிலர் விஞ்ஞானிகளின் தடுமாற்றம் என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் அளவு வேகமாக வந்து சேரும் அலையின் தொடக்கத்தைக் கொண்டு போடப்படுவது. பத்து நிமிடம் ஓடும் ஒரு பிளவின் அளவை அது தொடங்கிய கொஞ்ச நேரத்து ஓசையைக் கேட்டுச் சொல்ல முடியாது. எவ்வளவு நீண்ட அசைவைக் கவனித்தார்களோ, நிலநடுக்கம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. ஸ்டைனும் ஓக்கலும் எடுத்துக்கொண்டது எல்லாவற்றிலும் நீண்டதை. நடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுதும் மணியடித்தாற்போல் அதிர்ந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு வகை அதிர்வுக்கு ஒரு முறை நீண்டு சுருங்கவே 54 நிமிடம் வேண்டும். அதைப் பிரித்தறிய நாட்கணக்கான பதிவு தேவை. பெரியதன் அளவு பொறுத்திருந்து கேட்டவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் கிழக்குக் கரைக்குப் பொறுத்திருக்க நேரம் இல்லை. நடுக்கத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடல் அங்கே ஏறிவிட்டது. இந்த இரண்டு கடிகாரங்களுக்கு நடுவில்தான் முழுத் துயரமும் கிடக்கிறது. பல்லேகலையின் கருவி தன் வேலையைச் செய்தது. அந்தப் பதிவைப் படித்து, கரைக்குச் சொல்லி, மக்களை எழுப்பும் ஏற்பாடு ஒன்று அன்று இந்தத் தீவில் இல்லை. இந்தியாவிலும் இல்லை. 30,000க்கும் மேற்பட்டவர்களை இலங்கை இழந்தது.

மெதுவான சாட்சி கடல். ஆழ்கடலில் சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தை மட்டும் பொறுத்தது. 4 கிலோமீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் அளவில் ஓடும். ஆழம் குறையக் குறைய வேகமும் குறையும். கடற்தரையின் வரைபடம் கையில் இருப்பதால், ஓர் அலை எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று தெரிந்தால் அது எங்கிருந்து புறப்பட்டது என்று பின்னோக்கிக் கோடு போடலாம். பிளவு எந்த நொடியில் எங்கே ஓடியது என்பதைக் கடல் அவ்வளவு நன்றாகச் சொல்லாது. ஆனால் கடற்தரை எங்கே, எவ்வளவு உயர்ந்தது என்பதை அது மறைக்காது. நில அலைக்குத் தெரியாதது கடலுக்குத் தெரியும், கடலுக்குத் தெரியாதது நில அலைக்குத் தெரியும்.

சென்னை, விசாகப்பட்டினம், தூத்துக்குடி, கொழும்பு என்று பல துறைமுகங்களின் கடல்மட்டமானிகள் பதிவு வைத்திருந்தன. கப்பல்களுக்காகவும் அன்றாட ஓதங்களுக்காகவும் வைக்கப்பட்ட கருவிகள் அவை. ஒரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. கடல் மட்டத்தை அளக்கும் ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள், நடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் ஆனபோது அந்த அலையின் மேலே பறந்து போனது. திறந்த கடலில் அலை 60 சென்டிமீட்டர் அளவே எழுந்து நின்றதை அது அளந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்த 60 சென்டிமீட்டர். நடுக்கடலில் இருந்த கப்பலுக்கு அது தெரிந்திருக்காது. அந்த அளவு ஆராய்ந்து எடுக்கப்பட்டபோது காரியம் முடிந்துவிட்டது.

சாட்சிகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. யுஷிரோ ஃபுஜீயும் கென்ஜி சதாக்கேயும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைக்கோள் அளவை மட்டும் நம்பினால் சுனாமியைக் கிளப்பிய பகுதி சுமார் 1,400 கிலோமீட்டர் நீளம் என்று வந்தது. ஆனால் அந்த விடையை வைத்துக் கணக்கிட்டால் துறைமுகங்களின் பதிவு பொருந்தவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 900 கிலோமீட்டர் என்று முடிவு சொன்னார்கள். அப்படியானால் வடக்கே அந்தமான் பக்கம் பிளவு ஓடவில்லையா? ஓடியது. ஆனால் அங்கே வழுக்கலின் ஒரு பகுதி மிக மெதுவாக, அலை கிளப்பும் வேகம் இல்லாமல் நடந்திருக்கலாம் என்ற வாதம் எழுந்தது. நிலத்தில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகள், பெரிய நடுக்கம் முடிந்த பிறகும் பிளவு சத்தமின்றி வழுக்கிக்கொண்டே இருந்ததைக் காட்டின. ஒரு பிளவுக்கே வேகமான முகமும் மெதுவான முகமும் உண்டு என்பதை இந்தக் கருத்து வேறுபாடுதான் வெளியே கொண்டுவந்தது. சாட்சிகள் முரண்படும்போது ஒன்றைத் தூக்கி எறிந்துவிடாமல், இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் கீழே என்ன நடந்திருக்க வேண்டும் என்று கேட்டதன் பலன் அது. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இந்தப் பொறுமை கொஞ்சம் இருந்திருந்தால் எத்தனையோ வழக்குகள் வேறு விதமாக முடிந்திருக்கும்.

இந்த வழக்கில் நம் தீவின் சாட்சியம் தனி இடம் பெற்றது. சுனாமி தான் புறப்பட்ட பிளவின் நீளவாக்கிற்குக் குறுக்கே தன் பலத்தின் பெரும்பகுதியைச் செலுத்தும். சுமாத்திராவுக்கு அருகே பிளவு வடமேற்காகச் சாய்ந்து போகிறது. அங்கே மட்டும் வழுக்கியிருந்தால் அலையின் பெரும்பங்கு இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு நோக்கிப் போயிருக்கும். நிக்கோபார், அந்தமான் பக்கத்தில் பிளவு நேர் வடக்காகத் திரும்புகிறது. அதற்குக் குறுக்கே, நேர் மேற்கில் இருப்பவை இலங்கையும் தமிழ்நாடும். ஆகவே பிளவு வடக்கே நெடுந்தூரம் ஓடியது என்பதற்கு ஸ்டைனும் ஓக்கலும் சொன்ன காரணங்களில் ஒன்று, நம் கரைகளில் கடல் அவ்வளவு உயரம் ஏறியது என்பது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். 2005 ஜனவரியில், இறந்தவர்களைத் தேடுவது முடியாத நாட்களிலேயே, பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று இலங்கைக் கரையோரம் அளவு நாடாவோடு நடந்தது. சுவரில் நீர் விட்ட கறை எந்த உயரம், மரத்தில் குப்பை சிக்கியது எந்த உயரம், தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை முறை வந்தது என்று உயிர் தப்பியவர்களிடம் கேட்டது. இழந்த வீட்டின் சுவரில் ஒருவர் அளவு எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை. ஆனாலும் மக்கள் பதில் சொன்னார்கள். கடலுக்கு அடியில் யாரும் காணாத ஒரு பிளவின் வடிவம் இன்று நமக்குத் தெரிகிறது என்றால் அதில் அந்தப் பதில்களும் இருக்கின்றன. சமன்பாடுகளுக்கு நடுவே கிழக்குக் கரையின் ஒரு வீட்டுச் சுவர் நிற்கிறது. அதை மறந்துவிட்டு அந்த வரைபடங்களை என்னால் பார்க்க முடியவில்லை.

தூரத்துக் கரையின் சாட்சியம் இதற்கு முன்பும் இருந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபாருக்கு அருகே ஒரு பெரிய நடுக்கம். அதைப் பதிவு செய்ய அப்போது நிலநடுக்கமானி எதுவும் இல்லை. ஆனால் வங்காள விரிகுடாவைச் சுற்றி எட்டுக் கடல்மட்டமானிகள் இருந்தன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கருவிகள் ஒரு மீட்டரை எட்டாத அலையைத் தாளில் எழுதி வைத்தன. அந்தத் தாள்களை எடுத்து, மோடெஸ்டோ ஓர்ட்டிஸும் ரோஜர் பில்ஹாமும் பிளவின் இடத்தையும் அளவையும் கணித்தார்கள். 7.9 என்று விடை வந்தது. கட்டுரை வெளியான ஆண்டு 2003. அடுத்த ஆண்டே அதே பிளவு வலயம் வாய் திறந்தது. பசிபிக்கிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1700 ஜனவரியில் ஜப்பானியக் கரையில், நிலம் நடுங்காமலே கடல் ஏறியதைக் கிராமத்தார் எழுதி வைத்தார்கள். அந்த அலை வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பிளவிலிருந்து வந்தது என்று சதாக்கேயும் அவரது தோழர்களும் 1996இல் எடுத்துக்காட்டினார்கள். பிளந்தது ஒரு நாட்டில், எழுதியது இன்னொரு நாட்டில். நமக்கு இன்னும் அருகிலும் ஒன்று உண்டு: 1883இல் கிராக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த கடல் பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையில் ஒரு பெண்ணின் உயிரைக் குடித்ததாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. அவள் கிராக்கத்தோவா என்ற பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

ஊவாவிலிருந்து பாணமைக்கும் பொத்துவிலுக்கும் நம் வழி மொனராகலை வழிதான். ஏ4 நெடுஞ்சாலை கொஸ்லந்தையில் மலை இறங்கி, வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை என்று போய்ப் பொத்துவிலில் கடலைப் பார்க்கிறது. மொனராகலையிலிருந்து 70 கிலோமீட்டர் அளவு. நம் பிள்ளைகள் அறுகம்பைக்குச் சுற்றுலா போகிறார்கள், அங்குள்ள விடுதிகளில் வேலைக்கும் போகிறார்கள். அவர்களுக்குப் பாடசாலையில் சுனாமியின் அறிகுறிகள் என்று இரண்டைச் சொல்லிக்கொடுக்கிறோம்: நிலம் பலமாக நடுங்கும், கடல் உள்வாங்கும். இரண்டும் மெய்தான். ஆனால் நம் கரைக்கு இரண்டும் வராமலே போகலாம்.

நிலம் ஏன் உணர்த்தாது என்று முன்பே பார்த்தோம். கடல் உள்வாங்குவது பற்றிய கதையும் அந்தப் பிளவின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் வழுக்கும்போது, மேல் தட்டின் முனை, அதாவது மேற்குப் பக்கம், எழும்பும். அதற்குப் பின்னால் கிழக்குப் பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்தைப் பார்த்திருந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது. எழும்பிய பக்கத்தைப் பார்த்திருந்தவர்கள் நாம். சென்னைக் கருவியில் முதலில் வந்தது ஏற்றம். நம் கரைகளில் கடல் பெரிதாகப் பின்வாங்கியதை மக்கள் கண்டது உண்மை. ஆனால் பல இடங்களில் அது முதல் அலை வந்து போன பிறகு. தரை தெரிகிறதே என்று இறங்கிப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. உள்வாங்குவதைக் கண்டால் ஓடு என்பது நல்ல சொல். உள்வாங்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று அதைத் திருப்பிப் போட்டுக்கொள்வது உயிரைக் கேட்கும்.

ஆக, நம் கிழக்குக் கரையில் நிற்கும் ஒருவருக்குத் தன் காலும் உதவாது, தன் கண்ணும் நேரத்துக்கு உதவாது. ஆபத்தின் சாட்சி அவரிடம் இல்லை. அது 1,700 கிலோமீட்டருக்கு அப்பால், முகம் தெரியாத சிலர் பார்த்துக்கொண்டிருக்கும் கோடுகளில் இருக்கிறது. அவர்கள் சொல்வதும் முதலில் முழு உண்மையாக இருக்காது. 8.0 என்பார்கள், பிறகு திருத்துவார்கள். அந்த அரைகுறைச் சொல்லை நம்பி எழுந்து ஓடுவதில்தான் உயிர் இருக்கிறது. தன் கண்ணால் காண்பதே மெய் என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பழக்கத்தோடு இந்தக் கரையில் வாழ முடியாது. தன்னிடம் இல்லாத அறிவை, அது இருக்கும் இடத்திலிருந்து வாங்கிக்கொள்ளவும், அது திருத்தப்படும்போது சலிக்காமல் இருக்கவும் தெரிந்தவர்களாக நாம் மாற வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கை இரண்டு முறை சோதிக்கப்பட்டது. 2005 மார்ச் 28 இரவு நியாஸ் தீவுக்கருகே 8.6. அரைத் தூக்கத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையோர மக்கள் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. பிளவு வழுக்கிய பகுதியில் பெரும்பங்கு தீவுகளுக்கும் ஆழமற்ற கடலுக்கும் அடியில் இருந்தது. நியாஸின் மேற்குக் கரையே ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர்ந்துவிட்டது. தூக்கப்பட்டது நிலம், நீர் அல்ல. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் மீண்டும் 8.6. அரசு எச்சரித்தது, கரை காலியானது. அன்று பிளவு, தட்டு அடியில் சரியும் வலயத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நகர்ந்தது. கடற்தரை பெரிதாக உயரவில்லை. சிலர் வீணாக ஓடினோம் என்றார்கள். எது உயர்ந்தது, எது பக்கவாட்டில் நகர்ந்தது என்று பிரித்தறிய நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஓடியவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் ஓட்டம் வீண் அல்ல.

ஆனால் ஒரு சொல் வந்து சேர்வது மட்டும் போதுமா? இதே ஏ4 சாலையின் மேல் முனையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, சொல்லும் வந்தது. சாய்ந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை. லயம் அவர்களுடையது அல்ல, காணி அவர்களுடையது அல்ல. வேலையோடு ஒட்டிய கூரை அது. எழுந்து போ என்று சொல்லும் எச்சரிக்கை, எங்கே போவது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். கரையோரத்து மக்களுக்கு நாம் சொல்லும் பாடமும் மலையகத்துக்கு நாடு சொல்ல மறந்த பாடமும் இங்கே ஒன்றாகின்றன. தூரத்துச் சாட்சியை நம்பு என்று கேட்க ஒருவருக்கு உரிமை வேண்டுமானால், நம்பி எழுந்தவர் போய் நிற்க அவர் ஓர் இடம் காட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது எப்போது என்று எந்தக் கணிப்பும் சொல்லாது. சுமாத்திராவின் அச்சே கரையில் ஒரு குகைக்குள் பழைய சுனாமிகள் விட்டுப்போன மணற்படைகளை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 7,400 ஆண்டுகளுக்கும் 2,900 ஆண்டுகளுக்கும் முன்பிருந்த காலத்துக்குள் 11 சுனாமிகளைக் கண்டார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வில் இடைவெளிகளுக்கு ஒழுங்கே இல்லை. ஒரு நூற்றாண்டுக்குள் நான்கு வந்திருக்கின்றன. வேறொரு காலத்தில் இரண்டாயிரம் ஆண்டு அளவுக்கு ஒன்றும் வரவில்லை. ஆகவே இப்போதுதானே வந்தது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை வராது என்று எவரும் கணக்குப் போட முடியாது.

இன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. ஹைதராபாத், அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து அறிவிப்பு வரும். பல்லேகலையோடு ஹக்மன, மஹகனதராவ, புத்தங்கல என்று நம் தீவிலும் நிலையங்கள் கூடியிருக்கின்றன. பொத்துவிலில் அறிவிப்பு ஒலிக்கும்போது மக்கள் திரும்பும் திசை மேற்கு. சாலை அவர்களை லாகுகலைக்கும் சியம்பலாண்டுவைக்கும், அதற்கும் அப்பால் மொனராகலைக்கும் கொண்டுவரும். அந்த வழியிலுள்ள பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் தோட்டங்களும் எத்தனை பேருக்கு இடம் கொடுக்கும், தண்ணீர் எங்கே, இரவில் வாயில் சாவி யாரிடம் என்ற பட்டியல் பிரதேச செயலகங்களில் இருக்க வேண்டும். இருந்தால் அதைத் தோட்டத் தலைவர்மாரும் ஆசிரியர்களும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த டிசம்பருக்கு முன் எழுதத் தொடங்கலாம்.